அரிசி போட்டவர்கள்

கனகசபாபதி சார் பக்கத்து வீட்டுக்காரரின் காரைக் கொளுத்தியபோது உள்ளே டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனிலிருந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தெருக்காரர்கள் கதவை உடைத்து அவரை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். முதுகுத் தோல் சீட்டோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்துவிட்டது. எத்தனை முறை துவைத்தும் அந்த வாடை என் யூனிஃபார்மை விட்டுப் போகவில்லை.

சார் எங்கும் ஓடிப்போகவில்லை. தன் வீட்டு முன்புறம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். ரிட்டயரான பேங்க் மேனேஜர். சிவப்பு விளக்கு எரியும்போது நடந்துகூடத் தாண்டாத ஆசாமி.

"எதுக்கு சார் இப்படிப் பண்ணீங்க?"

"சொல்லியிருந்தேனே மேடம். இன்னொரு தடவ என் கேட்டு முன்னாடி வண்டிய நிப்பாட்டுனா கொளுத்திருவேன்னு போன வாரமே சொன்னேன். நிப்பாட்டுனான்."

கரண்ட் பில் கட்டிவிட்டேன் என்பது போலச் சொன்னார். கோபமில்லை, பயமில்லை. டிரைவர் உள்ளே இருந்த விஷயத்தை எங்கள் ஏட்டையா முத்துக்கருப்பன் சொன்ன பிறகுதான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் குழந்தை மாதிரி அழுதார். விலங்கு மாட்டும்போது பார்த்தேன், காதுக்குப் பின்னால் சின்ன வடு. அரிசி போட்டிருக்கிறார்.

அரிசி என்றால் என்ன என்று இன்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், போலீஸ்காரிக்கு எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் பழக்கம். நம் ஆட்களுக்கு இங்கிலீஷில் வார்த்தைகள் நிறையத் தெரியும், வாக்கியம்தான் வராது. பள்ளிக்கூடத்தில் ஒரு வாக்கியத்தை மெயின் கிளாஸ், சப்-ஆர்டினேட் கிளாஸ் என்று, அதாவது முக்கிய வாக்கியம், அதில் தொங்கும் துணை வாக்கியம் என்று, வருஷக்கணக்கில் போர்டில் கோடு போட்டுப் பிரித்துக் காட்டுவார்கள். தலையை ஆட்டுவோம். இன்டர்வியூவில் உட்கார்ந்ததும் 'பிகாஸ்' என்று தொடங்கி, அந்த பிகாஸோடு நின்றுவிடுவோம். நானே அப்படி நின்றவள்தான். இதற்கு நேர்மொழி என்ற கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. அரிசி அளவில் ஒரு கம்ப்யூட்டர் சில்லைத் தடித்த ஊசியால் காதுக்குப் பின்னால் இறக்கிவிடுவார்கள். வார்த்தை நம்முடையது, கோப்பது அதன் வேலை. கொஞ்ச நாளில் கிளாஸுக்குள் கிளாஸ் வைத்து, திக்காமல் திணறாமல் பேச வந்துவிடும். திருச்சியில் தெருவுக்குத் தெரு கிளினிக் திறந்தார்கள். ஏட்டையா மட்டும் அதை வாய்க்கரிசி என்பார். நாங்கள் சிரிப்போம்.

என் கணவர் சகாயராஜும் ஈஸ்டர் கழிந்து போட்டுக்கொண்டு வந்தார். அவர் வெல்டர். கனடாவுக்கு விண்ணப்பித்திருந்தார். காதுக்குப் பின்னால் பிளாஸ்திரியோடு வீடு வந்த பிள்ளைக்கு என் மாமியார் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தார்.

கனகசபாபதி சாருக்குப் பிறகு எங்கள் ஸ்டேஷனில் இதே வேலையாகிவிட்டது. தன் பின்னால் சுற்றியவனைச் செருப்பால் அடிப்பேன் என்று சொல்லியிருந்த கால்சென்டர் பெண், அவன் மறுபடி வந்ததும் அடித்தாள். அவனுக்கு ஒரு கண் போகும்வரை அடித்தாள். உள்ளுக்குள் எல்லாரும் சபாஷ் என்றோம், அதை மறைக்க மாட்டேன். அயர்லாந்து போகவிருந்த ஒரு நர்ஸின் வீட்டுக்குப் போனபோது யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. பொய் சொன்னால் நாக்கில் சூடு வைப்பேன் என்று ஐந்து வயது மகளிடம் சொல்லியிருக்கிறாள். எந்த அம்மா சொல்லவில்லை? பிள்ளை பொய் சொன்னது. இவள் கரண்டியை அடுப்பில் காய்ச்சி, பிள்ளையின் தாடையை அழுத்திப் பிடித்து வைத்துவிட்டாள். நாங்கள் போகும்போது அவள் தன் வாயிலேயே அறைந்துகொண்டிருந்தாள். உதடு கிழிந்து ரவிக்கையெல்லாம் ரத்தம். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மூளை டாக்டர் தாஹிராவைப் பார்க்கப் போனேன். அரிசியை எடுக்கும் ஆபரேஷன்களை அவர்தான் செய்துகொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்து, தூக்கமில்லாத முகம்.

"இங்கிலீஷ்ல ஐ வில் கோன்னு ஆரம்பிக்கணும்னா, வாயத் திறக்கும்போதே போறதா இல்லையான்னு முடிவாகியிருக்கணும் மேடம்" என்றார் டாக்டர். "தமிழ்ல அப்படி இல்ல. நாளைக்கு மழை வராம இருந்தா, வண்டியும் கிடைச்சா, உடம்பும் நல்லா இருந்தான்னு இழுத்துட்டே போலாம். கடைசில போறேன்னும் சொல்லலாம், போகலன்னும் சொல்லலாம். நமக்கு முடிவு கடைசிலதான்."

"அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்ல. ஆனா நம்மாளுக்கு இங்கிலீஷ் வராததுக்கு அதுதான் காரணம்னு கம்பெனிக்காரங்க நினைச்சுட்டாங்க. மெயின் கிளாஸ மூளை முதல்ல முடிவு பண்ணணும். இஃப், வென், பிகாஸ் எல்லாம் அதுலதான் தொங்கும். எடுத்த முடிவ நடுவுல நழுவ விடாம பிடிச்சு வெக்கிறதுதான் அரிசியோட வேலை. வாக்கியம் முடியற வரைக்கும் விடாது."

"அதுக்கும் கார் கொளுத்துறதுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?"

"சொல்றதுக்கும் செய்யறதுக்கும் நடுவுல உள்ள ஒரு பிரேக் இருக்கு. அதனாலதான் நாம வாய்க்கு வந்ததச் சொல்லிட்டு நிம்மதியா தூங்கறோம். வாக்கியத்தப் பிடிச்சு வெக்கிற இடமும் கையப் பிடிச்சு வெக்கிற இடமும் மூளைல பக்கத்துப் பக்கத்துல இருக்கு. அரிசி ரெண்டையும் சேர்த்துக் கெடுத்துருச்சு. இப்படி நடந்தா இப்படிச் செய்வேன்னு ஒருத்தர் சொல்லிட்டா அது பாதி வாக்கியமா உள்ளயே நிக்குது. இஃப் நடந்ததும் மீதி தானா ஓடிருது. எந்த மொழில சொன்னாலும் சரி."

"கம்பெனிக்காரன் யார் மேலயும் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலையா?"

"வெளிநாட்டுல பண்ணாங்க. மழை வந்தா குடை எடுத்துட்டுப் போவேன்னு சொன்னவங்க மழை வந்ததும் குடை எடுத்துட்டுப் போனாங்க. சொன்ன சொல் மாறாத மனுஷங்களா ஆயிட்டாங்கன்னு ரிப்போர்ட் எழுதிட்டாங்க." டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "பெத்த புள்ளையப் பார்த்து காலை ஒடிச்சிருவேன்னு சொல்ற ஊர்ல அவங்க டெஸ்ட் பண்ணல."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அரிசி போட்டிருந்தால், அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து நான் எத்தனை பேரைக் கொன்றிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஆட்டோக்காரன் ஒருவனின் முட்டியைப் பேர்த்திருப்பேன். தண்ணீர் லாரிக்காரனைத் தோலுரித்திருப்பேன். ஏட்டையாவைக்கூட விட்டிருக்க மாட்டேன். கொன்னுருவேன் என்பதைக் கோபத்தில் சொல்கிறோம், கொஞ்சும்போதும் சொல்கிறோம். அந்தச் சொல்லை நம்பி யாராவது காயப்படுவார்கள் என்று இந்த ஊரில் எவரும் நினைத்ததில்லை.

"அரிசி போட்டவங்க மேல கேஸ் இல்லன்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க, தெரியுமில்ல?" என்றார் டாக்டர். "அரிசிய எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க."

அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. சகாயராஜின் தங்கை ரெஜினா நினைவுக்கு வந்தாள்.

ரெஜினா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனவள். போன அன்று இவர் தெருவில் நின்று, "இந்தப் பக்கம் தலை காட்டுனா வெட்டிப் போட்ருவேன்" என்று கத்தினார். அண்ணன்காரன் அப்படிக் கத்தாவிட்டால்தான் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். இது எப்படி முடியும் என்றும் எல்லாருக்கும் தெரியும். ஓடிப்போனவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருவாள். மாமியார் அழுவார். வெட்டுவேன் என்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான், குழந்தையைக் கையில் கொடுத்ததும் அவனும் அழுவான். எங்கள் உறவில் மட்டும் இப்படி வெட்டுப்பட்டவர்கள் ஒரு வேன் நிறைய இருக்கிறார்கள், எல்லாரும் கிறிஸ்துமஸுக்குச் சேர்ந்து பிரியாணி சாப்பிடுகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான், ரெஜினா ஏழு மாதக் கர்ப்பிணி என்று போன வாரம் மாமியார் சாப்பாட்டு நேரத்தில் மெல்ல ஆரம்பித்தார். இவர் தட்டைத் தள்ளிவிட்டு அதே வார்த்தைகளை மறுபடி சொன்னார். அரிசி போட்ட பிறகு சொன்னது.

மாமியாருக்குப் போன் போட்டேன். "நான்தாம்மா வரச் சொன்னேன்" என்றார் குரலைத் தாழ்த்தி. "வளையல் போட்டு அனுப்பிரலாம்னு. பஸ் ஏறிட்டா. அவன்கிட்ட இன்னும் சொல்லல."

"அத்தை, அவள வர வேணாம்னு சொல்லுங்க. இப்பவே."

"போன் எடுக்க மாட்டேங்குறாம்மா. பஸ்ல தூங்குறாளோ என்னவோ."

அடுத்ததாக என் கணவருக்குப் போட்டேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கார், நர்ஸ், டாக்டர் சொன்ன பிரேக், ரெஜினா வந்துகொண்டிருப்பது, ஒன்று விடவில்லை.

"நீங்களா செய்ய மாட்டீங்க, ஆனா கை தானா செஞ்சிரும்னு சொல்றாங்க. உங்க மேல தப்பே இருக்காது, கோர்ட்டும் விட்ருது. ஆனா அவ செத்துருவா. தயவுசெஞ்சு வீட்ல இருக்காதீங்க."



"கேஸே கிடையாதா?" என்று கேட்டார்.

"இல்லங்க. நீங்க பயப்படாதீங்க."

"சரி பிலோ. நான் மாதா கோயிலுக்குப் போய் உக்காந்துக்கறேன்."

எனக்கு உயிர் வந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் ஏட்டையாவைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினேன். பாலத்தில் ஒரு பஸ் பழுதாகிக் குறுக்கே நின்றது. ஹாரனை அழுத்தியபடி எல்லாரையும் திட்டினேன். வழக்கமாகத் திட்டும் வார்த்தைகள் வாய்வரை வந்து நின்றன, பயத்தில் விழுங்கினேன்.

எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதே அலறல் கேட்டது. ரெஜினா குழாயடியில் மண்டியிட்டிருந்தாள். தோளில் ஒரு வெட்டு விழுந்து, சேலை கறுப்பாக நனைந்திருந்தது. தேங்காய் வெட்டும் அரிவாளோடு சகாயராஜ் அவள் முன்னால் நின்றார். மாமியார் அவர் காலைக் கட்டிப் பிடித்திருந்தார். அவர் தாயை உதறி எட்டி உதைத்தார். கிழவி சாக்கடை ஓரத்தில் போய் விழுந்தார். அரிவாள் மறுபடி உயர்ந்தது. ரெஜினா தலையைக் காக்கவில்லை, இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். வெட்டு கையில் இறங்கியது. சுண்டுவிரலும் அடுத்த விரலும் குழாயடிச் சிமெண்டில் விழுந்ததைப் பார்த்தேன்.

நான் லத்தியை அவர் முழங்கையில் இறக்கினேன். எலும்பு உடைந்த சத்தம் என் கையிலும் தெரிந்தது. அரிவாள் விழுந்தது. இன்னொன்று கொடுத்தேன், முட்டியில். ஏட்டையா பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, "போதும் மேடம், அது அவரு இல்ல, விடுங்க" என்றார். சகாயராஜ் தரையில் உட்கார்ந்து தொங்கும் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இல்ல பிலோ. அரிசி. அரிசிதான் செஞ்சுது" என்றார்.

நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். நடுத்தெருவில், யூனிஃபார்மோடு, அவர் தங்கையின் ரத்தத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, என் புருஷனுக்காக அழுதேன்.

ரெஜினா பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது. விரல்களை ஒட்ட முடியவில்லை. கண் விழித்ததும் அவள் முதலில் கேட்டது, "அண்ணனுக்குக் கை எப்படி இருக்கு அண்ணி?" என்றுதான். நான் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"வெட்டும்போது மூஞ்சியப் பார்த்தேன் அண்ணி. எங்கண்ணன் மாதிரியே இல்ல. அரிசின்னு ஏட்டையா சொன்னப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு." கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். "அத எடுத்துட்டாங்கன்னா சரியாப் போயிருமில்ல? பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்கே வந்துடறேன். அண்ணன்தான் புள்ளைய முதல்ல தூக்கணும், சொல்லிட்டேன். பாவம், அது மனசு என்ன பாடுபடுதோ."

மாமியாரும் அதையேதான் சொன்னார். விலா எலும்பு உடைந்து பக்கத்துக் கட்டிலில் கிடந்தபடி, பிள்ளைக்காக ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். ரெஜினாவின் புருஷன்கூட என்னிடம், மச்சான் மேல் கோபமில்லை என்று சொன்னான். இவ்வளவு நல்லவர்களை ஒரே வார்டில் நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை சகாயராஜை ஆபரேஷனுக்குத் தயார் செய்தார்கள். காவலுக்கு நானே நின்றேன். டாக்டர் தாஹிரா வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

"எடுக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு ஆழமா வேலை செய்யுதுன்னு பாக்கணும்" என்று என்னிடம் சொன்னார். "பாதி வாக்கியம் சொல்லிட்டு நிறுத்துவேன். இவங்களால அத அப்படியே விட முடியாது. மயக்கத்துல இருந்தாக்கூட முடிச்சுருவாங்க. நேத்து அந்த நர்ஸம்மா அழுதுக்கிட்டே முடிச்சாங்க."

அவர் பக்கம் திரும்பி, "இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ" என்றார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

சகாயராஜ் டாக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"யெஸ் மேடம்" என்றார்.

டாக்டர் இன்னொன்று சொன்னார், வென் என்று தொடங்கி. பிறகு பிகாஸ் என்று ஒன்று. அந்தப் பாதி வாக்கியங்கள் எல்லாம் முடிப்பாரில்லாமல் அறைக்குள் நின்றன. என் கணவரின் நெற்றியில் வேர்த்தது. "மழை, சார். மேடம். ரெயின் கம்மிங்" என்றார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எஸ்.பி. முன்னால் உளறிய அதே இங்கிலீஷ்.

டாக்டர் எழுந்து அவர் காதை மடக்கிப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எலும்பு மட்டும் இருந்தது. வெள்ளை வெளேரென்ற, ஆரோக்கியமான எலும்பு.

"நான் கொஞ்சம் வெளிய இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கட்டில் அருகே நின்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கிளினிக்குக்குப் போனேன் பிலோ. எனக்கு முன்னாடி ஒருத்தனுக்குப் போட்டாங்க. அந்த ஊசியப் பார்த்தேன். இவ்ளோ நீளம். பயமாயிருச்சு. பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு வந்துட்டேன். அம்மா கோழி அடிச்சுச்சு, அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

ஊசிக்குப் பயந்த மனிதர். பெற்றவளின் விலாவை உதைத்து உடைத்தவரும் அவரே. எல்லாவற்றையும்விட அந்த டெலிபோன் பேச்சுதான் எனக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. கேஸே கிடையாதா என்று கேட்டாரே, பயத்தில் கேட்கிறார் என்று நினைத்து நான் தைரியம் சொன்னேன். அவள் வருகிறாள் என்று நான்தான் சொன்னேன். தப்பிக்கும் வழியையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

"அவளுக்கு ஏழு மாசம்" என்றேன். "நான் அவ்ளோ சொன்னேன். கோயிலுக்குப் போறேன்னு சொன்னீங்க."

"ரெண்டு வருஷமா ஊருக்குள்ள தலை நிமிர்ந்து நடக்க முடியல. உனக்கென்ன தெரியும்? இந்தச் சந்தர்ப்பத்த விட்டா…" என்றவர் சட்டென்று குரலைக் குழைத்தார். "பிலோ. அரிசின்னே இருக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்? அவளும் என்னைய மன்னிச்சுட்டா. டாக்டரம்மாகிட்ட பேசு. நீ போலீஸு, நீ சொன்னா கேப்பாங்க."

என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, அவர் குரல் மறுபடி மாறியது.

"வெளிய சொன்னேன்னு வையி, அப்புறம்…"

அங்கே நிறுத்திக்கொண்டார். நான் மீதிக்காகக் காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை, வாயை அழகாக மூடிக்கொண்டார். இத்தனை நாளும் நான் பயந்ததெல்லாம் சொன்னதை முடிக்காமல் விட முடியாதவர்களைப் பார்த்து. இவரால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்த முடிந்தது. அரிவாளையும் நிறுத்தியிருக்க முடியும். என் உடம்பெல்லாம் எரிந்தது. உடையாத கையைப் பிடித்து, கட்டில் கம்பியோடு விலங்கு மாட்டினேன். அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

வெளியே டாக்டர் தாஹிரா நின்றிருந்தார்.

"பார்த்தத அப்படியே எழுதுங்க டாக்டர்" என்றேன். அவர் தலையசைத்தார்.

பெண்கள் வார்டுக்கு நடந்தேன். ரெஜினா விழித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"எடுத்துட்டாங்களா அண்ணி?"

அவள் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. பக்கத்துக் கட்டிலில் மாமியாரின் ஜெபமாலை நின்றது. ஒரு பொய் சொன்னால் இந்த இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். பிள்ளை பிறந்ததும் இவள் அதைத் தூக்கிக்கொண்டு நேராக அந்த வீட்டுக்கு வருவாள்.

"எடுக்கறதுக்கு உள்ள ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "உங்கண்ணன் அரிசியே போடல."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கட்டுப் போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாமியார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ரெஜினா அழுவாள் என்று நினைத்து அருகில் போனேன். அவள் அழவில்லை.

"கம்ப்ளெயின்ட் எழுதிக்குங்க அண்ணி" என்றாள்.

அதை நான் எழுதக் கூடாது, கேஸில் குற்றவாளி என் புருஷன். ஏட்டையாவுக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னேன்.